நாலு விரல் பட்டை

காட்டுக் குளத்தின் கரையில் இரண்டு நாவல் மரங்கள் நின்றன. ஒன்று பெரியது, மற்றது சின்னது. பக்கத்துப் பாறையிடுக்கில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது.

சிலுப்பனுக்கு ஒரு தொல்லை. அதன் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. கைக்கெட்டியது மரப்பட்டைதான்.

"தோலுரிச்சான் வர்றான்! ஓடுங்க!" என்று காடே அதைக் கேலி செய்யும். சிலுப்பன் வெளியே முள்ளைச் சிலிர்த்துக் காட்டும். உள்ளே அழுகை முட்டும். முள் இருந்தால் மனசு இருக்காதா என்ன?

தை மாதம் ஒரு நாள், சின்ன நாவலின் அடியில் ஒட்டியாணம் போட்டதுபோல் ஒரு முழுச் சுற்றுப் பட்டையைக் கொறித்தெடுத்துவிட்டது.

ஆனியில் பழம் பழுத்தது. குரங்குக் கூட்டத்தின் தலைவன் வாலாண்டி, சின்ன நாவலில் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டது.

"அடேயப்பா, தேன்! போன வருஷம் தொண்டையை அடைச்ச பழமா இது!"

பெரிய மரத்துப் பழத்தையும் தின்று பார்த்தது. அது பழைய துவர்ப்புதான். வாலாண்டி கீழே இறங்கிச் சின்ன மரத்தைச் சுற்றிவந்தது. உரித்த இடம் கண்ணில் பட்டது.

"சிலுப்பா! நீ உரிச்ச மரம்தான் இனிக்குது! உன் பல்லுல மருந்து இருக்குடா!"

அவ்வளவுதான். மான்கள் வழிவிட்டன. மயில் நலம் விசாரித்தது. குட்டிக் குரங்குகள் "மாமா, இந்தாங்க!" என்று பழம் உதிர்த்தன. பிறந்ததிலிருந்து சிலுப்பனை யாரும் மாமா என்று கூப்பிட்டதில்லை. அது பாறைக்குள் போய், அந்தச் சொல்லைத் தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தது.

"பெரிய மரத்தையும் ஒரு சுத்து சுத்திடு! அடுத்த ஆனியில காடே தின்னு தீர்க்கலாம்!" என்றது வாலாண்டி.

சிலுப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கிவிட்டது. பெரிய மரமல்லவா, ஒரே நாளில் முடியவில்லை. மூன்றாம் நாள், சுற்று முடிய நாலு விரல் அகலம்தான் மிச்சம்.

அப்போது வேரடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மூக்கெல்லாம் மண்ணாகப் பூவாத்தா வெளியே வந்தது. பெரிய நாவலின் வேருக்குள் வளை தோண்டி வாழும் பெருச்சாளி அது.

"அண்ணே! அந்த நாலு விரலைத் தொடாதீங்க! மரம் செத்துப்போயிடும்!"

கிளையிலிருந்து வாலாண்டி சிரித்தது. "மண்ணுக்குள்ள கிடக்கிறவளுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? இந்த மரத்துக்கு வயிறே பொந்து! மழை வந்தா நாங்க பத்துப் பேர் உள்ளே ஒண்டுறோம். வயிறு போயும் நிக்கிற மரம், சட்டை போனாலா சாகும்?"

சிலுப்பனுக்கு அதுவும் சரியென்றுதான் பட்டது.

"எனக்கு வாதாடத் தெரியாதுண்ணே," என்றது பூவாத்தா. "நீங்க பல்லை நம்புறவர். கீழே வந்து கடிச்சுப் பாருங்க."

அது பெரிய மரத்தின் மெல்லிய வேர் ஒன்றைத் தோண்டிக் காட்டியது. சிலுப்பன் கடித்தது. சாறு இனித்தது. பிறகு சின்ன மரத்தின் வேரைத் தோண்டிக் காட்டியது. அது தேங்காய் நார்போல் பல்லில் சிக்கியது. ருசியே இல்லை.

"ரெண்டும் நாவல்தானே, தங்கச்சி? இது ஏன் சக்கையா இருக்கு?"

"வேர் தண்ணியை உறிஞ்சி, கட்டை வழியா மேலே அனுப்புது. இலை அதை வெச்சு வெயில்ல சோறாக்குது. அந்தச் சோறு பட்டையோட உள்பக்கமாத்தான் கீழே இறங்கும். நீங்க அந்த வழியை வெட்டிட்டீங்க. இறங்க வழியில்லாம மேலேயே தேங்கினதுதான் பழத்துல இனிக்குது."

"அப்போ அந்தப் பொந்து?"

"நடுவுல இருந்தது வேலை முடிஞ்ச பழைய கட்டை. அது போனா போகட்டும். தண்ணி ஏறுறது ஓரத்துக் கட்டையில. சோறு இறங்குறது பட்டையில."

சிலுப்பன் சின்ன மரத்தைத் தடவிப் பார்த்தது. வெட்டுக்கு மேலே பட்டை புடைத்திருந்தது. கீழே வற்றிக் கிடந்தது.

"அப்போ நாங்க இத்தனை நாளாத் தின்னது..."

"வேரோட பங்கு, அண்ணே."

"வேர் ஒண்ணும் சொல்லலையே!"

"அதுக்கு வாய் ஏது? சேர்த்து வெச்சதைக் கரைச்சுக்கிட்டு, பட்டினியோடவே இன்னமும் மேலே தண்ணி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கு."

சிலுப்பனின் முட்கள் தாமாகவே படிந்தன. அது விம்மி விம்மி அழுதது.

"என்ன மாமா, அழுகை? மிச்சத்தை முடி!" என்று கத்தியது வாலாண்டி.

"முடிக்க மாட்டேன்!"

"அப்போ நீ மறுபடியும் தோலுரிச்சான்தான்!"

மாமா என்ற சொல் போய்விடும் என்று சிலுப்பனுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாலு விரல் பட்டைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றது. அத்தனை முள்ளையும் விரித்தது.

"தோலுரிச்சானாவே இருந்துட்டுப் போறேன்! ஒருத்தனும் இதுமேல கை வைக்கக் கூடாது!"

மாசியில் சின்ன நாவலின் இலைகள் பழுத்து உதிர்ந்தன. பங்குனிக் காற்றில் அது வேரோடு சாய்ந்தது. வாலாண்டி அந்த வெற்றுக் கிளைகளைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. அதன்பிறகு தோலுரிச்சான் என்ற பேச்சை எடுக்கவே இல்லை.

சிலுப்பனின் பல்லுக்கும் வழி பிறந்தது. மான்கள் உதிர்த்த கொம்புகளைக் குளக்கரையெல்லாம் தேடிப் பொறுக்கிக் கொறித்தது. பட்டையைவிட அது நன்றாகவே தேய்த்தது.

பெரிய நாவல் பிழைத்துக்கொண்டது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழவென்று ஈரமான ஓர் ஏடு உண்டு. அந்த நாலு விரலின் இரு ஓரத்திலும் அது துளிர்த்து, எறும்பு ஊர்வதைவிட மெதுவாகப் புதுப்பட்டை விரித்தது. தினமும் விடிந்ததும் சிலுப்பன் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

மறு ஆனியில் பழம் கொஞ்சம்தான். ஒரு குட்டிக் குரங்கு ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது.

"மாமா, துவர்க்குது!"

சிலுப்பனுக்குக் கண் நிறைந்தது. அது தரையில் காதை வைத்துக் கேட்டது. கீழே பூவாத்தா சந்தோஷமாக மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது.

"துவர்க்கட்டும் கண்ணு," என்றது சிலுப்பன். "வேர் சாப்பிட்டிருக்கு!"

மறைந்திருந்து நம்மைத் தாங்குகிறவரின் சோற்றைப் பறித்து வந்த இனிப்பு, ஒரு பருவத்துக்கு மேல் நிலைக்காது.