மளையில் நனைந்த கோளி

விதை நட்டு, களிமண் பிசைந்து, பாட்டுக் கட்டி அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடமே அமளிதுமளி. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி மூன்றாம் வகுப்பில் வந்து நின்றார்.

"வாரமெல்லாம் ஆட்டம்தானா? படிப்பு எங்கேம்மா?" என்று செல்வமேரி டீச்சரிடம் சீறினார். "நான் சொல்றதைப் பிள்ளைங்க எளுதட்டும். ஒரு எளுத்து தப்பினாலும் உங்களை வேற ஊருக்கு மாத்திடுவேன்!"

டீச்சர் சிலேட்டுகளை எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு அழுகை முட்டியது.

அதிகாரி செருமினார். "மளையில் கோளி நனைந்தது."

ஒரு சிலேட்டிலும் குச்சி நகரவில்லை. அஞ்சலை மட்டும் பாவாடையைக் கசக்கிக்கொண்டே எழுந்தாள்.

"ஐயா, நீங்க சொன்ன மாதிரியே எழுதணுமா, சரியா எழுதணுமா?"

"மளை..." என்று மறுபடி தொடங்கியவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு ழகரம் இல்லாத வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னார்:

"டீச்சர், நீங்க இங்கேயே இருங்கம்மா."