கைக்குக் கை மாறாத கத்தி

ஏய், காலை ஆட்டாத. போர்வைக்குள்ள போ. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். கொட்டலேன்னா கதை பாதியிலேயே நின்னுரும், அப்புறம் அத்தையைக் குத்தம் சொல்லக் கூடாது.

ஒரு மலைக்குக் கீழ ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு வீடு, அந்த வீட்டுல ஒரு மடக்குக் கத்தி இருந்துச்சாம். பெருசா ஒண்ணும் நெனைச்சுக்காத, உன் கையளவுதான். மரப்பிடி. விரிச்சா 'டக்'குனு நிக்கும், மடக்குனா 'டப்'புனு மூடிக்கும். அந்த வீட்டுல மலைக்குப் போறவங்க சோத்துப் பொட்டலத்தை மறந்தாலும் மறப்பாங்க, அந்தக் கத்தியை இடுப்புல சொருகாமப் படி தாண்ட மாட்டாங்க.

ம் சொல்லு. ம், அப்படி.

அந்த வீட்டுல சிலம்பாயின்னு ஒரு பொண்ணு. அவ அண்ணன் பொண்டாட்டி பேரு சீனியம்மா. நாத்தனாரும் மதினியும்னா எலியும் பூனையுமா இருப்பாங்கன்னுதானே நெனைக்குற? இவளுக ரெண்டு பேரும் அம்புட்டு ஒட்டு! ஒரே தட்டுல சாப்பிடுவாளுக. இவ தும்முனா அவ "நூறு"ம்பா. ஊர்ல பாதிப்பேருக்கு அதைப் பார்த்து வயித்தெரிச்சல்.

ஆனா சிலம்பாயிக்கு ஒரு பயம் இருந்துச்சு. அவ ஆத்தாளும் அத்தையும் இப்படித்தான் ஒட்டா இருந்தாங்களாம். கத்தியைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்பாங்கல்ல, ஒரு நாள் அவசரத்துல அப்படி வாங்கிட்டாங்க. போச்சு! அன்னைக்குப் பிடிச்ச சண்டை, பன்னெண்டு வருசம் ஒருத்தி மூஞ்சியில ஒருத்தி முழிக்கல. அதனால சிலம்பாயி எப்பவும் கத்தியைக் கீழ வைப்பா, மதினி குனிஞ்சு எடுத்துக்குவா. "சாமி, எது போனாலும் போகட்டும், என் மதினி என்கூடப் பேசாமப் போயிரக் கூடாது"ன்னு கும்பிட்டுக்குவா.

அப்போ ஒரு நாள், மலைக்கு மேய்ச்சலுக்குப் போன செவலைப் பசு திரும்பி வரல. சினைமாடு, இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போடுற மாடு. அண்ணன் ஆண்டிச்சாமி காலு சுளுக்கி, எண்ணெய் தடவிக்கிட்டு "ஐயோ அம்மா"ன்னு கெடக்காரு. "நீங்க மொனகிக்கிட்டே இருங்க, நாங்க போயிட்டு வாரோம்"னு ரெண்டு பேரும் விடியக் கருக்கல்ல கெளம்பிட்டாளுக.

அப்புறம் ஏறுறாங்க, ஏறுறாங்க, கல்லும் முள்ளுமா ஏறுறாங்க. திடீர்னு சீனியம்மா "ஆ!"ன்னு உக்காந்துட்டா. உள்ளங்கால்ல ஈட்டியாட்டம் ஒரு முள்ளு. சிலம்பாயி இடுப்புல இருந்து கத்தியை எடுத்து, 'டக்'குனு விரிச்சு, கீழ வச்சா. மதினி எடுத்து, நுனியால நோண்டி, 'சுருக்'குனு முள்ளைப் பிடுங்கி வீசிட்டா. திரும்பக் கீழ வச்சா. இவ எடுத்துக்கிட்டா.

தூங்கிட்டியா? இல்லையா? அப்ப ம் கொட்டு.

அப்புறம் பசி. வயித்துக்குள்ள 'கொடமொட கொடமொட'ன்னு சத்தம். ஒரு தூறல் வேற போட்டுருச்சு. கத்தியால மண்ணைக் கீறிக் காட்டு வள்ளிக்கிழங்கு எடுத்தாளுக. சுள்ளியெல்லாம் ஈரம். என்ன பண்ணுறது? சிலம்பாயி சுள்ளியோட ஈரப் பட்டையைச் சீவித் தள்ளுனா, உள்ள காஞ்சு கெடந்துச்சு. பூவாட்டம் சீவிக் குமிச்சுட்டு, சேத்துல கத்தியை வச்சா. மதினி எடுத்துத் துடைச்சு, கத்தி முதுகைச் சிக்கிமுக்கிக் கல்லுல தட்டுனா. 'டிக்... டிக்... பொஸ்!' நெருப்பு பிடிச்சிருச்சு. சுட்ட கிழங்கை ஊதி ஊதித் தின்னாளுக. ஆகா, அந்த ருசி!

உனக்கும் பசிக்குதா? காலையில பாத்துக்கலாம், படு.

அப்போ பாரு, 'ம்மா...'ன்னு ஒரு சத்தம். ஈனசுரத்துல. ஓடிப் போய்ப் பாத்தா, செவலை ஒரு சரிவுல கெடக்கு. கழுத்துல காட்டுக்கொடி சுத்தி இறுக்கிருச்சு, நாக்கு வெளிய தள்ளிருச்சு. "அடியாத்தி, என் தங்கமே!"ன்னு சீனியம்மா இறங்குனா. ஓரத்து மண்ணு 'சரசரசர'ன்னு சரிஞ்சு, வழுக்கிக்கிட்டே போய், மாட்டுப் பக்கத்துல ஒரு வேரைப் பிடிச்சுத் தொங்குறா. கால் வைக்க நாலு விரக்கடை இடம். அதுக்குக் கீழ பாத்தா தலை சுத்தும்.

"சிலம்பு, கத்தி!"

சிலம்பாயி பாறையில குப்புறப் படுத்துக் கையை நீட்டுனா. கத்தியைக் கீழ வைக்கணும். எங்க வைக்க? எல்லாம் வழுக்குப் புல்லு. வச்சா உருண்டு பள்ளத்துக்குப் போயிரும்.

"தூக்கிப் போடவா மதினி?"

"பிடிக்க ரெண்டு கை வேணும்டி, எனக்கு ஒரு கைதான் இருக்கு! கையில குடு!"

செவலை கண்ணு சொருகுது. வேரு 'நெறநெற'ங்குது. சிலம்பாயிக்குக் கண்ணுல தண்ணி. "சண்டை வந்தா வரட்டும், நீ இருந்தாப் போதும்"னுட்டு, மதினி உள்ளங்கையில கத்தியை வச்சு அமுக்கிட்டா. கைக்குக் கை!

'சரக்!' கொடி அறுந்துச்சு. செவலை 'புஸ்ஸ்'னு மூச்சு விட்டு, குளம்பை ஊனி, தக்கி முக்கி மேல ஏறுச்சு. சீனியம்மா விடுவாளா? வாலைப் பிடிச்சுக்கிட்டாளே! மாடு முன்னால, மதினி பின்னால, ரெண்டும் கரையேறிருச்சு. சிரிக்காத, மெய்யாத்தான்.

அப்புறம் என்னாச்சு? இறங்கி வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் வாயே திறக்கல. பேசுனாத்தானே சண்டை வரும்? உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு வாராளுக. வீட்டுக்கு வந்தும் பேச்சு இல்ல. ஆண்டிச்சாமி பாத்தாரு. "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

சீனியம்மாவுக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. "சண்டைக்குப் பயந்து இப்படி ஊமையாட்டம் இருக்க என்னால ஆகாது! வர்ற சண்டை இப்பவே வந்து தொலையட்டும். ஏ சிலம்பு, ஆரம்பி!"

"நீயே ஆரம்பி மதினி."

"சரி. நீ 'கொர்ர் கொர்ர்'னு கொறட்டை விடுற!"

"தீவாளிக்கு எனக்குன்னு வச்ச முறுக்கைத் தின்னது யாரு?"

"பூனை!"

"பூனைக்கு டப்பா திறக்கத் தெரியுமாக்கும்?"

"என் புதுச்சேலையில மஞ்சக்கறை ஆக்குனது யாரு?"

"அது... அதுவும் பூனைதான்!"

ஊரே கூடிருச்சு. சிலம்பாயி மூச்சு வாங்க நின்னா. சொல்றதுக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதையும் கேட்டுட்டா.

"அம்புட்டு ஓரத்துக்கு உன்னை யாரு போகச் சொன்னா? நீ விழுந்திருந்தா நான் யாருகூடச் சண்டை போடுவேன் மதினி?"

ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாளுக ரெண்டு பேரும். அழுறாளுக, சிரிக்கிறாளுக, மூக்கை உறிஞ்சுறாளுக. அந்த நேரம் பாத்துத் தொழுவத்துல செவலை கன்னு போட்டுச்சு. ஊருக்கே சீம்பால்.

அம்புட்டுதான். கதை தொழுவத்துல படுத்துருச்சு, கன்னுக்குட்டியும் படுத்துருச்சு. நீயும் படு, கண்ணை மூடு.