பெனினா கேட்ட குழம்பு வாளி

"ஆயரம்மா, பெனினா கோயில் அசன விருந்துல குழம்பு ஊத்தணும்னு கேக்கா. என்ன சொல்ல?"

கேட்டவர் உபதேசியார் தவசிமுத்து. குருப்பட்டம் பெறுவதற்காக, சபையின் ஆயர் ஜெமிமாவிடம் வேதம் படித்துவந்தார். மாணவருக்கு ஐம்பது வயது. ஆசிரியைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

பெனினா திருநங்கை. அந்தச் சபையின் கோயிலிலேயே ஆண்பிள்ளையாக ஞானஸ்நானம் பெற்றவள். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனாள். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள இப்போது திரும்பியிருந்தாள்.

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"கோயிலுக்கு வரட்டும். அசனத்துல உக்காந்து வயிறார சாப்பிடட்டும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா வாளியத் தூக்கினா சனங்க முகஞ்சுளிக்கும். அவளுக்குத்தான் அவமானம்."

"சரி," என்றார் ஆயர்.



அசனத்தன்று சபை மொத்தமும் பந்தலில் வரிசையாக உட்கார்ந்தது. பெனினா கடைசி வரிசை ஓரத்தில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை.

ஆயர் ஜெபம் செய்துவிட்டு நேரே வந்து அந்த இலையில் உட்கார்ந்தார்.

சோறு வந்தது. இலையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

ஆயர் கைவைக்காமல் யாரும் சாப்பிடுவதில்லை. பந்தலில் பேச்சு அடங்கியது.

தனக்காகத்தான் ஆயர் சாப்பிடாமலிருக்கிறார் என்று பெனினாவுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, நான் வீட்டுக்குப் போயிருதேன். நீங்க சாப்பிடுங்க."

எழப்போனவளின் கையை ஆயர் பிடித்துக்கொண்டார்.

தவசிமுத்து ஓடிவந்து குனிந்தார்.

"பசிக்கலியாம்மா?"

"நல்லாப் பசிக்கு."

"பிறகு?"

"உங்க மக கல்யாணத்துல யாரு பரிமாறினா?"

"என் தம்பி, மச்சினன், பிள்ளைங்க... எல்லாம் வீட்டு ஆளுங்கதான்."

"உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனது?"

"அது... வெளியாளுங்க."

சொன்னவர் பெனினாவைத் திரும்பிப் பார்த்தார்.

பெனினா தலையைத் தூக்கவில்லை. சேலை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தவசிமுத்து போய்ச் சோற்றுப் பாத்திரத்தையும் குழம்பு வாளியையும் வாங்கிவந்தார். வாளியை அவள் முன்னால் நீட்டினார்.

"எந்திரி பிள்ள. நான் சோறு போடுதேன். நீ பின்னாலயே ஊத்திக்கிட்டு வா."

"சனங்க முகஞ்சுளிச்சா?"

"நான்தான முன்னால போறேன். என்னப் பாத்துச் சுளிக்கட்டும்."

அவள் வாளியை வாங்கினாள். எந்தப் பக்கம் தொடங்குவதென்று தெரியாமல் நின்றாள்.

ஆயர் இலையிலிருந்து கையை எடுத்தார். தவசிமுத்து சோறு போட்டார்.

"முதல்ல இங்க ஊத்து தாயி. பசி தாங்கல."