பூசைக்குப் போன பிளக்குகள்

மடத்து லாரியின் பானெட்டைத் திறந்த வேடியப்பன் அப்படியே நின்றுவிட்டார். இன்ஜின் தலையில் ஆறு பிளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார். துருவும் சேறுமாக வந்தது.

"பிளக்கெல்லாம் எங்கய்யா?"

மடத்துச் சமையல்காரர் பெருமையாக அவரைப் பூசை அறைக்கு அழைத்துப் போனார். பித்தளைத் தட்டில் ஆறும் பளபளவென்று, சந்தனமும் குங்குமமுமாக, சாமி காலடியில் இருந்தன. என்றைக்கோ ஓர் ஆயுத பூசைக்குக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தவையாம். சாமி முன் வைத்ததை எடுக்க யாருக்கும் கை வரவில்லையாம்.

வேடியப்பனுக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறியது.

ஏறாதா பின்னே? அது சும்மா லாரி இல்லை. பட்டாளத்தார் பழசாகிவிட்டதென்று ஏலத்தில் தள்ளிய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். வேறு எந்த வண்டியும் முக்கி நிற்கும் மலைப்பாதையில் அது ஏறும். நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் மேலூரிலிருந்து அதுதான் இறக்கிக்கொண்டு வந்தது. ஓட்டியவர் இறந்துபோய், அடுத்த டிரைவர் கிடைப்பதற்குள் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கிவிட்டது. பிஸ்டன் துருவேறி இறுகிப் பிடித்துக்கொண்டது. இனி இரும்புக் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். மாலையை மட்டும் வருடம் தவறாமல் போட்டார்கள், மகானுபாவர்கள்!

அப்படி அது மாலையும் கழுத்துமாக நின்ற ஒரு வருடம்தான், வேடியப்பனின் தங்கை பச்சையம்மாளை மேலூரிலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி வழியிலேயே தாயும் போனாள், பிள்ளையும் போனது. அண்ணன் அப்போது எங்கோ எல்லையில், பட்டாள லாரிகளுக்கு இன்ஜின் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு, மனசு ஆறட்டும் என்று அவர் இந்த மடத்துக்கு வந்தார். மடத்தை நடத்துகிற தவமணி அம்மை வயதில் அவருக்கு மிகவும் இளையவர். ஆனாலும் அவரைத்தான் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

நேரே அம்மையிடம் போனார். "யாரும்மா பிளக்கைக் கழட்டினது?"

"வண்டி ஓடட்டும். சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க."

"இப்ப சொன்னா வண்டி ஓடாது."

பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். சேற்றைத் துடைத்தெடுத்தார். மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ஓட்டைகளில் ஊற்றினார். தினமும் ஊற்றினார், தினமும் இன்ஜினைக் கையால் சுற்றும் கிராங்கு கம்பியை மாட்டி மெல்ல அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி ஊற்றினார். வண்டியின் மேல் காட்டிய பொறுமையில் பாதியைக்கூட அவர் மனிதர்கள் மேல் காட்டவில்லை. மடத்தில் எதிரே வந்தவர்களையெல்லாம் முறைத்தார்.

"ஓங்கி ஒரு அடி அடிச்சா நகராதா?" என்று அம்மை ஒருநாள் கேட்டார்.

"உடையும். ஊறித்தான் பிடி விடணும்."

"இரும்பு மேல இவ்வளவு பொறுமையா?"

"இரும்பு சாமி பேரைச் சொல்லி ஊரை ஏமாத்தாதும்மா!"

அம்மை மண்ணெண்ணெய்க் குவளையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஒருநாள் கிராங்கு மயிரிழை அசைந்தது. மறுநாள் கால் சுற்று வந்தது. முழுச் சுற்று வந்த அன்று வேடியப்பன் விறுவிறுவென்று பூசை அறைக்குள் போய் ஆறு பிளக்குகளையும் அள்ளினார்.

"சாமி குத்தமாயிடும்!" என்று சமையல்காரர் குறுக்கே வந்தார்.

"உங்க சாமி என்ன, பெட்ரோல்லயா ஓடுது? தள்ளுய்யா!"

குங்குமத்தைத் துடைத்து மாட்டினார். கார்புரேட்டரைக் கழுவினார், புது பேட்டரி வைத்தார். கிராங்கைச் சுற்றினார். லாரி இருமியது, கமறியது, நீலப் புகையைக் கக்கியது. பிறகு மடமே அதிரும்படி ஓட ஆரம்பித்தது. வேடியப்பன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து அழுதார்.

சத்தம் கேட்டு அம்மை வெளியே வந்தார். அதே நேரம் மலைப்பாதையிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மேலூர்ச் சடையன்.

"டோலி தூக்க ஆள் கேக்க வந்தேன் சாமி. வண்டியே ஓடுதே! என் மருமவளுக்கு வலி எடுத்திருக்கு. புள்ள குறுக்கால கெடக்குன்னு நர்ஸம்மா சொல்லுது."

வேடியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரில் கை வைத்தார். வைத்த கையை எடுத்தார்.

"வண்டி ஓடிடுச்சும்மா. பிளக்கைக் கழட்டினவன் பேரைச் சொல்லுங்க. கிளம்பறேன்."

"நான்தான்," என்றார் தவமணி அம்மை.

வேடியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை.

"அப்ப இங்க புதுசா வந்தவ. பூசை வேலை என்னுது. எல்லாம் பளபளன்னு இருக்கணும்னு டிரைவரைக் கழட்டித் தரச் சொல்லி வாங்கினேன். அவர் அப்புறம் உயிரோட திரும்பி வரல. திருப்பி மாட்டணும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சப்ப மழை முடிஞ்சிருந்தது. வெளியில சொல்லப் பயந்தேன்."

"பயமா? அங்க என் தங்கச்சி..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எனக்கு உபதேசம் பண்ணீங்க? தெரிஞ்சுமா என்கிட்ட கும்பிடு வாங்கினீங்க?"

"ஆமா."

வேடியப்பன் சுவிட்சை அணைத்தார். இன்ஜின் நின்றது.

"இந்த மடத்து வண்டியை நான் ஓட்டமாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

வேறு ஆள் இல்லை. சடையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் புரியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மை கெஞ்சவில்லை. வண்டிக்கு முன்னால் போய்க் கிராங்கு கம்பியை மாட்டி, கட்டைவிரலை வளைத்து இறுக்கிப் பிடித்தார்.

"கட்டைவிரலை எடுங்க!" என்று வேடியப்பன் சீட்டிலிருந்தே கத்தினார். "கம்பி திருப்பி உதைச்சுதுன்னா கை முறிஞ்சிடும்!"

அம்மை விரலை எடுத்து மாற்றிப் பிடித்தார். "சுவிட்சைப் போடுங்க."

வேடியப்பனின் கை சுவிட்சுக்குப் போய் நின்றது.

"உங்களை மன்னிக்க மாட்டேன்மா. இந்தக் கோபம் என்னை விட்டுப் போகாது. இதை வச்சுக்கிட்டு நான் எப்படி மலை ஏறுவேன்?"

"கோபத்தை விடச் சொல்லலையே," என்றார் அம்மை. "லாரிதானே, அதையும் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போங்க. இறங்கி வர்றப்ப மட்டும் அந்தப் பொண்ணு படுக்க இடம் விடுங்க."