வால்வில் கேட்ட லாடச் சத்தம்

"தப்பு என்னோடதா, வண்டியோடதா? அதை மட்டும் சொல்லுங்க மேஸ்திரி."

கேட்டுக்கொண்டே மீரான் பாய் ஒரு வால்வைப் பட்டறைக் கல்லின் மேல் வைத்தார். என்ஜினிலிருந்து புகையை வெளியே விடுகிற வால்வு அது. விளிம்பு எரிந்து, எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது.

அந்தோணிமுத்து மேஸ்திரி அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மோட்டார் விஷயத்தில் பாய்க்கு அவர்தான் குரு. ஜட்கா ஓட்டிக் காலம் தள்ளிய மனுஷனை, குதிரையை விற்ற பிறகு, கார் ஓட்ட உட்காரவைத்தவர்.

பாய் நடந்ததைச் சொன்னார். போன வாரம் பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். பாதி மலையில் வண்டி இழுக்கமாட்டாமல் நின்றுவிட்டது. தூக்கிப்போக ஆள் வருவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. அவள் புருஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றார் பாய். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இரும்பு மட்டம்னு சொல்லிடுங்க. நான் தொழுதுட்டுத் தூங்கிடுவேன்."

மேஸ்திரி வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியில என்ன செஞ்சீங்க?"

கெடுதலாக ஒன்றும் செய்யவில்லை என்றார் பாய். என்ஜினில் டிக் டிக்கென்று சத்தம் வந்தது. லாடம் தளர்ந்த குதிரையை அப்படியே ஓட்டிப் போகிறவன் மனுஷனா? வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளுகிற கம்பிக்கும் நடுவில் சந்து இருந்தது. சந்தே இல்லாமல் இறுக்கினார். சத்தம் அடங்கியது. இதற்கு முன்பும் வால்வுகள் எரிந்திருக்கின்றன; அவற்றை மாற்றியபோதும் முதல் வேலையாக அதைத்தான் செய்தார்.

மேஸ்திரி வால்வைக் கல்லின் மேல் வைத்தார்.

"ஜட்கா சக்கரத்துக்கு இரும்புப் பட்டா எப்படிப் பாய் மாட்டுவீங்க?"

"சுட்டுத்தான்."

"ஏன் சுடணும்?"

பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். பாய்க்குச் சலிப்பாக வந்தது.

"சுட்டாத்தானே இரும்பு நீளும்..."

கை தானாகப் போய் வால்வுத் தண்டைப் பிடித்தது.

மலையேறும்போது என்ஜின் சூட்டில் இந்தத் தண்டும் நீண்டிருக்கும். நீள்வதற்கு அவர் இடம் விடவில்லை. வால்வு மூட முடியாமல் தூக்கியபடியே நிற்க, நெருப்பு அந்த வழியே பாய்ந்து விளிம்பைத் தின்றிருக்கிறது.

"அப்ப நான்தான்."

இல்லை என்று ஒரு வார்த்தை வராதா என்று மேஸ்திரியின் முகத்தையே பார்த்தார். வரவில்லை.

மேஸ்திரி புது வால்வை மாட்டினார். ஸ்பானரைப் பாயிடம் கொடுத்து, சந்து விடச் சொன்னார். பாய் நகக்கனம் விட்டு, இன்னொரு தடவை சரிபார்த்தார்.

என்ஜினைச் சுழற்றிவிட்டார்கள்.

டிக். டிக். டிக்.

பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மேஸ்திரி கிட்டே வந்து அந்தக் கைகளை மெதுவாக விலக்கிவிட்டார்.

"இனிமே இந்தச் சத்தத்தோடதான் ஓட்டணும் பாய்."