நடு ஆற்றில் மெய்யான சபை

கத்தோலிக்க ஓடக்காரன் மிக்கேலின் மகளுக்குப் புராட்டஸ்டண்டு மாப்பிள்ளை அமைந்தாலும் அமைந்தான், கல்யாணத்தைச் சபையில் அறிவிக்கும் ஓலையை வாசிக்க இரண்டு கோயிலும் மறுத்துவிட்டன. ஒருநாள் கத்தோலிக்கப் பங்குச்சாமியும் புராட்டஸ்டண்டுப் போதகரான ஐயரும் அவன் ஓடத்திலேயே ஏறிச் சண்டை போட்டார்கள்.

“இயேசு தன் சீடர் பேதுருவுக்குக் கொடுத்த அதிகாரம் எங்ககிட்ட. எங்களுடையதே மெய்யான சபைன்னு சொல்லுடே, ஓலை வாசிக்கிறேன்” என்றார் சாமி.

“விசுவாசமே போதும். எங்க சபைன்னு சொல்லு, நான் வாசிக்கிறேன்” என்றார் ஐயர்.

இரண்டு கோயிலிலும் வாசித்தால்தான் கல்யாணம்; ஒருவரைச் சொன்னால் மற்றவர் ஓலை போச்சு. மிக்கேல் நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தினான்.

“அந்தப் பேதுரு விசுவாசத்தால தண்ணி மேல நடந்தாராமே! அதிகாரமுள்ள சாமியும் விசுவாசமுள்ள ஐயரும் இறங்கி நடங்க. கரை சேர்றவங்க சபைதான் மெய்.”

இருவரும் ஓடத்தின் விளிம்பை இறுகப் பிடித்தார்கள்.

“ஓலை வாசிக்கிறோம், துடுப்பைப் போடுடே!” என்று ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டு சபையும் ஒத்துக்கொண்ட உபதேசம் அது ஒன்றுதான்.