மன்னருக்கு முன்னால் கறந்த பால்

கொன்றைநாட்டு மன்னர் மாறவேலுக்குப் போர் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. அவரையே ஆட்டிவைத்தது ஒரு மாடு.

மலைநாட்டிலிருந்து பரிசாக வந்த செவலைக் கிடேரி அது. அப்போதுதான் முதல் கன்று ஈன்றிருந்தது. மன்னருக்கோ கறந்த சூட்டோடு பால் குடிக்க வேண்டும், கறப்பதையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தினமும் விடிந்ததும் குடை, கொம்பு, கட்டியக்காரன் சகிதம் தொழுவத்துக்கு வந்துவிடுவார். கட்டியக்காரன் "பராக், பராக்" என்பான். கிடேரி ஓர் உதை விடும். செம்பு ஒரு பக்கம் போகும், கறவைக்காரி வேலாத்தா ஒரு பக்கம் விழுவாள்.

தொழுவ அதிகாரி விருத்தகிரி இதற்காகவே காத்திருந்தார். அந்த வேலையில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவருக்கு ஆசை.

"இவளுக்குக் கைராசி இல்லை, மன்னா. அனுப்பிவிடலாம்."

வேலாத்தா அழுதேவிட்டாள். "தலையீத்து மாடு மெரளுது சாமி. இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற நாதியில்லீங்க."

பார்த்துக்கொண்டிருந்த அவைப்புலவர் செவந்தியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "குற்றம் அவள் கையில் இல்லை, மன்னா."

"அப்படியானால் புலவரே பொறுப்பேற்கட்டும்" என்றார் விருத்தகிரி.

மன்னர் எரிச்சலில் இருந்தார். "சரி. நாளைக் காலை எனக்கு முன்னால் இவள் கறந்தாக வேண்டும். மாட்டைக் கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது. தவறினால் இவளுக்கு வேலை இல்லை, உமக்கு அவையில் இடம் இல்லை."

"தங்களுக்கு முன்னால்தானே? ஆகட்டும் மன்னா."

மறுநாள் மன்னர் வந்தபோது செம்பு நிறையப் பால் இருந்தது. நுரைகூட அடங்கவில்லை. கிடேரி சாதுவாகக் கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

"எப்போது கறந்தீர்கள்?"

"தங்களுக்கு முன்னால், மன்னா" என்றார் புலவர்.

"நான் இப்போதுதானே வருகிறேன்?"

"ஆமாம். அதற்குச் சற்று முன்னால்."

விருத்தகிரி குதித்தார். "மோசடி. கண்ணெதிரே என்றுதான் மன்னர் சொன்னார்."

"முன்னால் என்றுதான் சொன்னார். செம்பையும் பாருங்கள், வேலாத்தாளையும் பாருங்கள். இரண்டும் நசுங்கவில்லை."

"வேறு மாட்டுப் பாலாக இருக்கும். மடியைப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று விருத்தகிரி மாட்டின் பின்பக்கம் போய்க் குனிந்தார். கட்டியக்காரன் பழக்கதோஷத்தில் "பராக்" என்றான். அடுத்த நொடி விருத்தகிரி சாணிக் குவியலில் உட்கார்ந்திருந்தார்.

மன்னருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "என் ஆரவாரத்துக்குத்தான் மிரள்கிறதா? முதலிலேயே யாராவது சொல்வதற்கென்ன?"

"தங்கள் மேல் குற்றம் சொல்லும் துணிச்சல் இந்த மாட்டுக்கு மட்டும்தான் இருந்தது, மன்னா."

மன்னர் தன் பட்டு மேலாடையை எடுத்து வேலாத்தாளிடம் கொடுத்தார். "இனி தொழுவம் முழுக்க உன் பொறுப்பு" என்றார். அவளுக்கு மறுபடி அழுகை வந்தது, இந்த முறை சந்தோஷத்தில்.

"அப்படியென்றால் புலவரே, இனி பால் கறந்த பின்னால்தான் நான் வர வேண்டுமா?"

"தாராளமாகப் பின்னால் வாருங்கள், மன்னா. மாட்டுக்குப் பின்னால் மட்டும் வராதீர்கள்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். கிடேரி காலைத் தூக்கியது. மன்னர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.